தழும்பு சின்னது, மூச்சு எப்படி? நுரையீரல் அறுவைக்குப் பிறகு: கேள்வி பதில்

கோலாலம்பூரில் நுரையீரல் நோயாளிகளுக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

செந்தூல் வாசகி: புற்றுநோய்க்காக அப்பாவின் வலது நுரையீரலின் மேல் மடலை, அதாவது அதன் மேல் பகுதியை, சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு அறுத்து எடுத்தார்கள். நாலாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது மாடி ஏறினால் இளைக்கிறது. ஏதாவது தவறாகிவிட்டதா, அக்கா?

அப்படி நினைக்காதீர்கள். துளை சின்னது என்பதால் வலி குறையும், சீக்கிரம் நடமாடலாம். ஆனால் உள்ளே இழந்தது ஒரு முழு மடல். மற்றவை விரிந்து ஓரளவு ஈடுகட்டும், அதற்கு மாதக்கணக்காகும். எத்தனையாம் நாள் வீடு திரும்பினார் என்பதை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. திடீரென மூச்சு முட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பங்சார் வாசகர்: அப்படியென்றால் குணமாவதை எதை வைத்து அளக்கிறீர்கள்?

6 நிமிட நடைதான் என் முதல் கருவி. 30 மீட்டர் நீளமுள்ள சமதளத்தில், அவரவர் வேகத்தில் போய்த் திரும்ப வேண்டும். நின்று இளைப்பாறலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. நடந்த தூரம், விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு, 0 முதல் 10 வரை அவரே சொல்லும் மூச்சுத்திணறல் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வேன். மகன் கூடவே நடந்தால் வேகம் மாறிவிடும் என்பதால் குடும்பத்தாரை உட்கார வைத்துவிடுவேன்! அறுவைக்கு முன் அவர் நடந்த தூரத்தோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்துப் படுக்கைக்காரரோடு அல்ல.

நோயாளியின் வாய்ச்சொல்லும் அளவுகோல்தான். 2022இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில் 503 பேருக்குக் கேமரா வழி அறுவையையும் மார்பைத் திறந்து செய்வதையும் ஒப்பிட்டார்கள். 5 வாரம் கழித்து அன்றாட வேலைகள் எப்படி முடிகின்றன என்று நோயாளிகள் தாங்களே நிரப்பிய படிவமே அதில் முக்கிய அளவு. கேமரா வழி அறுவை செய்துகொண்டவர்கள் மேலாக இருந்தார்கள்.

ஜிஞ்சாங் வாசகர்: மூச்சுப் பயிற்சிக்குத் தந்த மூன்று பந்துக் கருவியில் எல்லாப் பந்தும் ஏறினால் குணமாகிவிட்டதா?

இல்லை. அது பயிற்சிக்கு, பரீட்சைக்கு இல்லை. அப்புறம், அதில் ஊதக்கூடாது. மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும்.

கெப்போங் வாசகி: வலி எவ்வளவு என்று கேட்டால் அம்மா 'பரவாயில்லை' என்கிறார்.

நம் அம்மாக்களிடம் எண் கேட்டால் அந்தப் பதில்தான் வரும். அதனால் சுற்றி வளைத்துக் கேட்பேன். இருமும்போது தலையணையை அணைத்துக்கொள்கிறாரா? எந்தப் பக்கம் படுக்கிறார்? ரவிக்கை உரசினால் எரிகிறதா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால், விலா எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்பு நசுங்கியிருக்கலாம். அந்த எரிச்சலுக்குச் சாதாரண வலி மாத்திரை அவ்வளவாகக் கேட்காது, வேறு மருந்து இருக்கிறது. மருத்துவரிடம் 'எரிகிறது' என்றே சொல்லச் சொல்லுங்கள்.

அம்பாங் வாசகர்: அறுவை முடிந்து இரண்டு மாதம். தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறலாமா?

முதலில் உங்கள் அறுவை மருத்துவரைக் கேளுங்கள். அவர் சரி என்றால் உங்கள் பிளாட் படிக்கட்டில் பழகுங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிறதா, எந்த மாடியில் நிற்கிறீர்கள் என்று வாராவாரம் எழுதி வையுங்கள். 272 படிகளையும் நின்று நின்று ஏறலாம். தைப்பூசத்தன்று நெரிசலில் அப்படி நிற்க விடமாட்டார்கள், அதுதான் என் கவலை. இந்த வருஷம் வேறொரு நாள் காலையில், பால்குடம் இல்லாமல் போய் வாருங்கள், ஐயா.