கறுப்பு உடலில் வெள்ளைக் கோடு: கட்டுவிரியனா, வெள்ளிக்கோல் வரையனா?

நிறத்தை நம்பாதீர்கள், கோடு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். நஞ்சுள்ள கட்டுவிரியன் பாம்புக்குத் தலையை ஒட்டிய பகுதி பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். சற்றுத் தள்ளி மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாகத் தொடங்கி வால்வரை தெளிவாகப் போகும். நஞ்சில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்குக் கழுத்திலேயே அகலமான பட்டை. வால் பக்கம் மங்கிவிடும்.

சிக்கல் என்னவென்றால், குட்டிக் கட்டுவிரியனுக்குக் கோடு கழுத்தருகே தொடங்கலாம். சில பெரியவற்றுக்குக் கோடே தெரியாது. அப்போது முதுகுச் செதில்தான் கைகொடுக்கும். நடுமுதுகில் ஒரு வரிசை மட்டும் பக்கச் செதில்களைவிடப் பெரிதாக, தேன்கூட்டு அறைபோல் அறுகோணமாக இருந்தால் கட்டுவிரியன். அதற்காகக் குனிந்து பார்க்க வேண்டாம்! 2 மீட்டருக்கு மேல் தள்ளி நின்று புகைப்படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். செத்த பாம்பையும் தொடாதீர்கள், அறுந்த தலைகூடக் கடிக்கும்.

கட்டுவிரியன் கடி வலிக்காமலும் தடம் தெரியாமலும் போகலாம். கடித்ததோ என்று சந்தேகம் வந்தாலே, பாம்பைத் தேடாமல் நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.