தலையணைக்குக் கீழே ஏன் நூல்?

கேள்வி: எனக்கு 41 வயது. வேலைக்குப் போகிறேன். கணவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள், அத்தை, நான் என வீட்டில் ஐந்து பேர். இரண்டு வருடங்களுக்கு முன் வீடியோ பார்த்து குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னும் வேலை, கற்றுக்கொண்டேன். ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. மாலையில் அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு, அது வேகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பின்னுவேன். ஒரே மாதத்தில் இரண்டு முறை பருப்பு அடிபிடித்துக் கருகிவிட்டது. முதல் பாத்திரத்தை யாருக்கும் தெரியாமல் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன். இரண்டாவது முறை கணவர் பார்த்துவிட்டார். "போர்வை கடையில் கிடைக்காதா? முதலில் வீட்டைக் கவனி" என்றார். அதிலிருந்து அவர் வரும் சத்தம் கேட்டாலே நூலைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிடுகிறேன். அத்தைக்கும் குரோஷா தெரியும். ஆனால் நான் 'டபுள்' என்று போடும் பின்னலைப் பார்த்து, "இது டபுளே இல்லை, யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்கிறார். ஒரு வட்ட விரிப்பு பின்னினேன், அது முட்டைக்கோஸ் இலை மாதிரி சுருண்டு நிற்கிறது. இதற்கு நடுவே சொந்தக்காரர்கள் எல்லாரும் "எனக்கும் ஒரு போர்வை" என்கிறார்கள். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. பேசாமல் விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

விட வேண்டாம். ஆனால் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

முதலில் உங்கள் கணவர் பக்கம் ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பசியோடு வீட்டுக்கு வருகிற மனிதருக்குக் கருகல் வாசனை வந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். அவர் சொன்ன விதம் சரியில்லை. அதிலும் அந்த "வீட்டைக் கவனி" எனக்கும் சுருக்கென்று குத்தியது, ஏதோ வீடு உங்கள் ஒருவருடையது மாதிரி. ஆனால் பருப்பு கருகியது உண்மை. அது ஏன் கருகியது என்று பார்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

உங்களுக்குப் பொறுப்பில்லாததால் கருகவில்லை. குரோஷா எண்ணிக்கை வேலை. "இருபத்திரண்டு, இருபத்து மூன்று" என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது காது மூடிக்கொண்டுவிடும், மூக்கும் கூடவே மூடிக்கொள்ளும். நானும் இதில் பட்டவள்தான். ஒருமுறை வெங்காயம் வதங்கட்டும் என்று தீயைக் குறைத்து வைத்துவிட்டு, ஒரே ஒரு வரிசை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வரிசை முடிந்தது, வெங்காயமும் முடிந்தது. பின்னுகிறவர்களுக்கு "ஒரே ஒரு வரிசை" என்பது எவ்வளவு பெரிய பொய் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் பருப்பு இல்லை, தலையணை. பாத்திரம் அலமாரிக்குப் பின்னால், நூல் தலையணைக்குக் கீழே. 41 வயதில், சம்பாதிக்கிற ஒரு பெண், தன் வீட்டிலேயே ஒளித்து ஒளித்து நூல் பின்னுகிறார். யாருக்காக? பருப்பு வேகிற இடைவெளி, குக்கர் விசில் வருகிற இடைவெளி என்று நேரத்தைத் திருடித் திருடிப் பின்னுவதால்தான், பார்க்கிறவர்களுக்கும் அது திருட்டாகவே தெரிகிறது. உங்களுக்கும் அப்படித்தான் தெரிகிறது, குற்ற உணர்ச்சி அங்கிருந்துதான் வருகிறது. அடுப்பு முன்னால் நின்றால் வேலை, நூலோடு உட்கார்ந்தால் சும்மா இருப்பது என்ற கணக்கு உங்கள் வீட்டில் எல்லாரிடமும் இருக்கிறது, உங்களையும் சேர்த்து.

அதனால் நேரத்தைத் திருடாதீர்கள், வெளிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு மாலை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் போதும். "செவ்வாயும் வெள்ளியும் ஏழிலிருந்து எட்டு வரை நான் பின்னுவேன், அந்த நேரம் சமையலறை என் பொறுப்பில் இல்லை" என்று எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள். கெஞ்சவும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். கூடத்தில், விளக்கு நன்றாக விழுகிற நாற்காலியில், எல்லார் கண்ணிலும் படும்படி உட்காருங்கள்.

அந்த இரண்டு நாளும் சாப்பாடு? ஒரு நாள் கணவர், ஒரு நாள் மகன். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு 14 வயது இருக்கும். அரிசி கழுவி வைக்கவும், முட்டை வேக வைக்கவும், நாலு காய்கறி வெட்டி வதக்கவும் தாராளமாக முடியும். முதல் வாரம் நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள். அடுத்த வாரத்திலிருந்து வாயைத் திறக்கக்கூடாது. இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப் போகிறது. கூடத்தில் உட்கார்ந்துகொண்டே "உப்பு போட்டியா? தீயைக் குறை!" என்று கத்தினால் நீங்களும் சமைப்பதாகத்தான் அர்த்தம். ஒரு நாள் குழைந்து போகட்டும், ஒரு நாள் அடிபிடிக்கட்டும். அதற்குப் பிறகு பருப்பு கருகியதைப் பற்றி உங்கள் வீட்டில் யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மற்ற நாட்களில், கொஞ்சம் திட்டமிட்டால் உங்களுக்கே மூச்சு விட இடம் கிடைக்கும். கொண்டைக்கடலை மாதிரி முழுப் பயறுகள் நல்ல உதவி. இரவே ஊற வைத்துவிட்டால் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் அதுபாட்டுக்கு ஊறும். இரண்டு மடங்காக வேக வைத்துப் பாதியை ஃப்ரீசரில் வைத்தால் இன்னொரு நாள் சமையலே பாதி முடிந்த மாதிரி. ஆனால் சிவப்பு ராஜ்மாவில் மட்டும் கவனம். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது அது தளதளவென்று கொதிக்க வேண்டும். அதில் இயல்பாகவே இருக்கும் ஒரு நச்சு அப்போதுதான் அழியும். மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக விட்டால் போதாது.

அடுப்பில் ஏதாவது இருக்கும்போது கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதா? சரி, எண்ண வேண்டாத வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். நூலை உருண்டையாகச் சுற்றலாம், முடித்த துண்டுகளில் தொங்கும் நூல் நுனிகளை ஊசியால் உள்ளே செருகலாம். யாருக்கும் பிடிக்காத வேலை அது, இந்த மாதிரி நேரத்துக்குத்தான் லாயக்கு. கூடவே ஒரு டைமர். மூக்கை நம்பாதீர்கள். டைமர் அடித்ததும் "இதோ இந்த வரிசை" என்று இழுக்காமல் எழுந்துவிடுங்கள். குரோஷாவில் ஒரு பெரிய வசதி, ஒரு பின்னலை முடித்ததும் ஊசியில் ஒரே ஒரு கண்ணிதான் (நூல் வளையம்) உயிரோடு இருக்கும். இரண்டு ஊசியில் ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு வரிசை முழுக்கக் கண்ணிகள் திறந்தே கிடக்கும், பாதியில் விட்டால் பயம். நமக்கு அப்படி இல்லை. அந்த ஒரு கண்ணியைக் கொஞ்சம் நீளமாக இழுத்து ஓர் ஊக்கைக் குத்திவிட்டால், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

அப்புறம், உங்கள் அத்தை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் சொல்வதும் சரி, அவர் சொல்வதும் சரி. குரோஷாவின் பின்னல் வகைகளுக்கு அமெரிக்கப் பெயர்கள் ஒரு வகை, பிரிட்டிஷ் பெயர்கள் ஒரு வகை. அமெரிக்க முறையில் "சிங்கிள் குரோஷே" என்பதைத்தான் பிரிட்டிஷ் முறையில் "டபுள் குரோஷே" என்பார்கள். அமெரிக்காவில் "டபுள்" என்றால் பிரிட்டனில் "ட்ரெபிள்". நீங்கள் பார்க்கும் வீடியோக்கள் அமெரிக்க முறையாக இருக்கும், அத்தை பழைய பிரிட்டிஷ் புத்தகம் எதையாவது பார்த்துக் கற்றிருப்பார். கையில் இருப்பது எந்த முறை என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. "சிங்கிள்" என்ற பெயர் வந்தால் பெரும்பாலும் அது அமெரிக்க முறை. அத்தையிடம், "உங்கள் ட்ரெபிளும் என் டபுளும் ஒன்றுதானாம் அத்தை" என்று சொல்லி, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்னிப் பாருங்கள். வீட்டிலேயே பின்னத் தெரிந்த இன்னொருவர் இருக்கும்போது வீடியோவோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம். அவர் குறை சொன்னதே, தன்னையும் கூப்பிடட்டும் என்பதற்காக இருக்கலாம்.

முட்டைக்கோஸ் விரிப்பை அவரிடமே காட்டுங்கள். காரணம் ரொம்பச் சின்னது, ஒவ்வொரு சுற்றிலும் தேவைக்கு அதிகமாகக் கண்ணிகளைக் கூட்டியிருக்கிறீர்கள். அமெரிக்க முறையில் சொல்கிறேன். சிங்கிளில் பின்னினால் 6 கண்ணியில் தொடங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் 6 கூட்ட வேண்டும், அதாவது 6, 12, 18, 24. டபுளில் என்றால் 12, 24, 36. நூலையும் இறுக்கத்தையும் பொறுத்து ஒன்றிரண்டு மாறலாம். இதைவிடக் குறைவாகக் கூட்டினால் விரிப்பு கிண்ணம் மாதிரி குழிந்துவிடும், அதிகமானால் ஓரம் அலை அலையாக எழும்பும். தட்டையாக இருக்கும் சுற்று வரை பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

ஆனால் பிரிப்பதற்கு முன் அதை உங்கள் பிள்ளைகளிடமும் ஒருமுறை காட்டுங்கள். டைனா தைமினா என்ற லாட்வியக் கணித அறிஞர், 1997-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, வேண்டுமென்றே இப்படிக் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய், அதிபரவளைய வடிவியல் (தட்டையாக இல்லாமல் அலை அலையாக விரியும் பரப்புகளின் வடிவியல்) என்ற கணிதத்துக்கு மாதிரி செய்தார். அதற்கு முன் தாளில் ஒட்டிச் செய்த மாதிரிகள் சீக்கிரம் கிழிந்துவிடும். நூலில் பின்னியது கசங்காமல், மாணவர்கள் கையில் வைத்து மடக்கிப் பார்க்கும்படி நின்றது. கடல் பவளத்திலும் லெட்டூஸ் இலையின் ஓரத்திலும் இதே அலைதான். உங்கள் விரிப்பு விரிப்பாகத்தான் தோற்றது, கணிதமாகத் தேறிவிட்டது.

சொந்தக்காரர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள். நடுத்தரப் போர்வை ஒன்றுக்கு வரிசைக்கு 160 கண்ணி, 150 வரிசை என்று வையுங்கள். மொத்தம் 24,000 கண்ணி. நிமிடத்துக்கு 20 போட்டாலும், தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் 20 மணி நேரம். நீங்கள் வாரத்துக்கு எடுத்துக்கொள்ளப் போவது இரண்டு மணி நேரம், ஆக ஒரு போர்வைக்குப் பத்து வாரம். இதைச் சிரித்துக்கொண்டே சொல்லி, "நூல் வாங்கிக் கொடுத்துவிட்டு வரிசையில் நில்லுங்கள்" என்றால் பாதிப் பேர் விலகிவிடுவார்கள். மீதிப் பேருக்குச் சின்னதாக ஒரு பாத்திரப் பிடிதுணி போதும். ஆனால் அதைப் பருத்தி நூலில் மட்டும் பின்னுங்கள். மீதமிருக்கிறதே என்று அக்ரிலிக் நூலை எடுக்காதீர்கள், சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் காய்ந்திருக்க வேண்டும், ஈரமாக இருந்தால் சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும்.

கணவர் கேட்ட கேள்விக்கும் பதில் இருக்கிறது. போர்வை கடையில் கிடைக்கும். ஆனால் அது பெரும்பாலும் நெய்ததாகவோ பின்னல் இயந்திரத்தில் பின்னியதாகவோ இருக்கும். உண்மையான குரோஷா இன்னும் கையால் போடுகிற வேலைதான். இதை அவரிடம் வாதமாகச் சொல்ல வேண்டாம். அவருக்காக ஒன்று பின்னும்போது, எந்த நிறம் வேண்டும் என்று கேட்கிற சாக்கில் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த ஒளித்து வைத்த பாத்திரம். அதை முதலில் வெளியே எடுங்கள், கணவர் பார்க்கும்படியே எடுங்கள். எவர்சில்வர் என்றால் கருகல் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டு 10 நிமிடம் கொதிக்க விட்டு, ஆறியதும் மரக்கரண்டியால் சுரண்டுங்கள். அலுமினியம் என்றால் சோடா வேண்டாம், கறுத்துவிடும். வெந்நீரில் இரவு முழுக்க ஊற வைத்தாலே போதும். யார் தேய்ப்பது என்பதை மட்டும் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.