தெருவுல மண்ணே விஷமாம், என்ன பண்றது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்க தெரு இருக்குற இடத்துல ஒரு காலத்துல பழைய பேட்டரியை உடைச்சு ஈயம் உருக்குற பட்டறை இருந்துச்சாம். அதை மூடி மனை போட்டு வித்தப்புறம்தான் நாங்கல்லாம் வந்தோம். இப்ப மண்ணுல ஈயம் ஜாஸ்தின்னு சொல்லி கருத்துக் கேட்புக் கூட்டம் வச்சிருக்காங்க. எல்லாம் முடிவு பண்ணிட்டு கண்துடைப்புக்குக் கூப்பிடுறாங்கன்னு வீட்டுக்காரர் சொல்றார். போறதுல பிரயோஜனம் இருக்கா?

பதில்: அவர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கும்மா, ஆனா அதுக்காகப் போகாம இருந்தீங்கன்னா மீதிப் பாதியையும் அவங்களே முடிவு பண்ணிடுவாங்க. முதல்ல ஒண்ணு விசாரிங்க, மண் சாம்பிள் எடுத்து முடிச்சாச்சா இல்ல இனிமேதானா? இனிமேதான்னா கூட்டம் வரைக்கும் காத்திருக்காதீங்க, இப்பவே நாலு பேரா போய் அதிகாரிங்களைப் பாருங்க. ஏன்னா அளக்குற மெஷின் அவங்ககிட்ட இருக்கு, எங்க அளக்கணும்ங்கிறது உங்க தெருவுக்குத்தான் தெரியும். உலை எந்த மூலையில இருந்துச்சு, ஆசிட்டை எந்தப் பள்ளத்துல ஊத்துனாங்க, மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் வழியும், யார் மனையை மேடாக்க அந்தக் கசடையே கொண்டாந்து கொட்டுனாங்க, இதெல்லாம் எந்த ஃபைல்லயும் இருக்காது, அங்க வேலை பாத்த பெரியவர் யாராவது ஒருத்தருக்குத்தான் ஞாபகம் இருக்கும். அவர உக்கார வச்சு ஒரு மேப் போட்டு அதை எழுத்துல குடுத்து, வாங்கிக்கிட்டோம்னு கையெழுத்து வாங்கிடுங்க.

சாம்பிள் எப்படி எடுக்குறாங்கன்னும் கேளுங்க. வழக்கமா ஒரு வீட்டு முற்றத்துல அஞ்சு இடத்துல மண்ணை எடுத்து ஒண்ணாக் கலந்து ஒரே நம்பரா சொல்வாங்க. அது தப்பில்ல, செலவு மிச்சம், ஆனா நாலு இடம் சுத்தமா இருந்து ஒரு இடம் மட்டும் பயங்கரமா இருந்தா அந்த ஒண்ணு சராசரியில காணாமப் போயிடும். அதனால பிள்ளைங்க விளையாடுற இடம், கூரைத் தண்ணி சொட்டுற சுவரோரம், காய்கறி பாத்தி இதுக்கெல்லாம் தனித்தனியா எடுக்கச் சொல்லுங்க. துப்பாக்கி மாதிரி ஒண்ணை மண்ணுல வச்சு அழுத்துனா ஒரு நிமிஷத்துல நம்பர் காட்டும், அதுதான் எக்ஸ்ஆர்எஃப். ஈயத்துக்கு நல்ல கருவி, ஆனா எண்ணெய், பூச்சிமருந்து மாதிரி கெமிக்கல் எதையும் அது பாக்காது, அதுக்கு லேப்புக்குத்தான் போகணும். அதனால "என்னென்ன பாத்தீங்க"ன்னு கேக்குறதோட நிறுத்தாம "என்னென்ன பாக்கல"ன்னும் கேளுங்க.

மக்கள் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு நினைக்கிறவங்களுக்கு லவ் கெனால் கதையைச் சொல்லலாம். அமெரிக்காவுல நயாகரா ஃபால்ஸ் ஊர்ல ஒரு பழைய கால்வாய், அதுல ஹூக்கர் கெமிக்கல் கம்பெனி சுமார் 21,000 டன் கழிவைப் புதைச்சு 1953-ல ஒரே ஒரு டாலருக்குப் பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு எழுதிக் குடுத்துடுச்சு, அதுமேல ஸ்கூல் வந்து சுத்தி வீடும் வந்துடுச்சு. 1978-ல அவசரநிலை அறிவிச்சு கால்வாயை ஒட்டியிருந்த 239 குடும்பத்தை மட்டும் வெளியேத்துனாங்க, மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆபத்தில்லைன்னுட்டாங்க. அங்க இருந்த லோயிஸ் கிப்ஸ்ங்கிற அம்மா வீடு வீடா ஏறி இறங்கி யாருக்கு என்ன நோவுன்னு கேட்டு மேப்ல குறிச்சாங்க. பெவர்லி பெய்கன்ங்கிற விஞ்ஞானி துணைக்கு வந்தப்புறம்தான், மூடிப்போன பழைய ஓடைப் பாதையில இருக்குற வீடுகள்லதான் நோய் அதிகம்னு புரிஞ்சுது. வீட்டுப் பொம்பளைங்க போட்ட கணக்குன்னு அதிகாரிங்க ஒதுக்கித்தான் தள்ளுனாங்க, ஆனா இவங்க விடல. 1980-ல மத்த குடும்பங்களும் இடம் மாற வழி பொறந்துச்சு, அதே வருஷம் டிசம்பர்ல, விஷக் கழிவு கிடக்குற இடங்களைச் சுத்தம் பண்றதுக்கான சூப்பர்ஃபண்ட் சட்டமும் வந்துச்சு. 1986-ல அந்தச் சட்டத்தைத் திருத்தி, பாதிக்கப்பட்ட மக்கள் தங்களுக்குன்னு ஒரு நிபுணரை வச்சுக்க 50,000 டாலர் வரை உதவித்தொகையும் கொண்டாந்தாங்க. இது ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறேன், ஏன்னா 300 பக்க அறிக்கையைக் கையில குடுத்து கருத்து சொல்லுங்கன்னா யாரால முடியும்? உங்க பக்கம் உக்காந்து அதைப் படிச்சுச் சொல்ல ஒருத்தர் வேணும்னு முதல் கூட்டத்துலயே கேட்டுடுங்க.

கேள்வி: எங்க முற்றத்து மண்ணுல ஈயம் 310 பிபிஎம். லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, பயப்படாதீங்கங்கிறாங்க. நம்பலாமா?

பதில்: எந்த லிமிட்டுன்னு கேளுங்க. 310 பிபிஎம்னா ஒரு கிலோ மண்ணுல 310 மில்லிகிராம் ஈயம். அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சி ரொம்ப வருஷமா வீட்டு மண்ணுக்கு 400-ன்னு வச்சிருந்துச்சு, 2024 ஜனவரியில அதை 200-ஆ குறைச்சுச்சு. கலிஃபோர்னியா மாநிலம் 80-ன்னு வச்சிருக்கு. உங்க மண்ணு மாறல சார், ஒரே 310 ஒரு மேஜையில பாஸ், இன்னொரு மேஜையில ஃபெயில். அந்த நம்பருக்குப் பின்னாடி விஞ்ஞானம் மட்டும் இல்ல, காசும் எத்தனை வீட்டைத் தோண்டணும்ங்கிற கணக்கும் இருக்கு, அதனால லிமிட்டை முடிவு பண்ற இடத்துலயே மக்கள் இருக்கணும், தோண்ட ஆரம்பிச்சப்புறம் வந்து கத்தி பிரயோஜனமில்ல. வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா ரத்தத்துல ஈயம் பாத்துடுங்க. குழந்தைங்களுக்கு இவ்வளவு ஈயம் இருந்தா பரவால்லன்னு சொல்ற அளவே கிடையாது.

கேள்வி: சுத்தம் பண்ண ஒரு வருஷத்துக்கு மேல ஆகுமாம். அதுவரைக்கும் வீட்டுல எப்படி இருக்குறது?

பதில்: ஈயம் பெரும்பாலும் உள்ள போறது வாய் வழியா, தூசியா. அதனால செருப்பை வாசல்லயே கழட்டுங்க, வெறும் தொடப்பத்தால பெருக்காம ஈரத்துணியால துடைங்க, பிள்ளைங்க சாப்பிடுறதுக்கும் தூங்குறதுக்கும் முன்னாடி கை கழுவட்டும். வெத்து மண்ணு தெரியுற இடமெல்லாம் புல்லோ சரளையோ மரச்சீவலோ போட்டு மூடிடுங்க, பாதி பிரச்சனை அதுலயே அடங்கும். கீரை, கிழங்கு அந்த மண்ணுல வேண்டாம், வெளிய இருந்து நல்ல மண்ணு வாங்கித் தொட்டியில போடுங்க. தண்ணியையோ கீரையையோ கொதிக்க வச்சா ஈயம் போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, போகாது.

கேள்வி: சூரியகாந்தி நட்டா மண்ணுல இருக்குற விஷத்தை உறிஞ்சிடுமாமே?

பதில்: ஈயத்தைப் பொறுத்தவரை பூ அழகா இருக்கும், அவ்வளவுதான். ஈயம் மண்ணோட இறுகப் பிடிச்சுக்கும், செடிக்குள்ள ஏறுறது ரொம்பக் கொஞ்சம். ஆர்சனிக்குக்கு ஒரு வகை பெரணிச் செடி நல்லா உறிஞ்சும், ஆனா அதுக்கும் வருஷக்கணக்கா பொறுமை வேணும், வெட்டின இலையைப் பத்திரமா அப்புறப்படுத்தவும் வழி வேணும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் சாம்பிளே எடுக்க விடமாட்டேங்கிறார். ரிசல்ட் வந்தா வீட்டு விலை விழுந்துடுமாம். சண்டை போடலாமா?

பதில்: சண்டை வேண்டாம், அவர் பயம் நிஜமான பயம். ஆனா தெருவே சுத்தம் பண்ண வேண்டிய இடங்க லிஸ்ட்ல இருக்குன்னு வாங்க வர்றவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? சோதிக்காத வீட்டைத்தான் முதல்ல சந்தேகப்படுவாங்க, சுத்தம் பண்ணி முடிச்சதுக்குப் பேப்பர் இருக்குற வீடு தைரியமா விலை பேசும், இதை அவர்கிட்ட சொல்லிப் பாருங்க. அவர் மட்டும் சுத்தம் பண்ணாம விட்டுட்டா காத்துலயும் மழையிலயும் அவர் மண்ணு உங்க பக்கம் வரத்தான் செய்யும். அதிகாரி போய்ச் சொன்னா கதவு சாத்துறவங்க, ஏற்கனவே சம்மதிச்ச இன்னொரு வீட்டுக்காரர் சொன்னா காது குடுப்பாங்க. அப்புறம் அந்த வீட்டுல வாடகைக்கு யாராவது இருக்காங்களான்னும் பாருங்க, பல இடத்துல கையெழுத்து ஓனர்கிட்ட, மண்ணுல விளையாடுறது வாடகைக்கு இருக்குறவங்க பிள்ளை, அவங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடக்கூட யாருக்கும் தோணுறதில்ல.

கேள்வி: அரசாங்கத்தை எதுக்கு நம்பிட்டு, நாங்க இளைஞருங்க சேர்ந்து ஞாயித்துக்கிழமை மண்வெட்டியோட இறங்குறதா இருக்கோம்!

பதில்: தம்பிகளா, ஆர்வத்துக்குச் சபாஷ், ஆனா இப்படியே இறங்காதீங்க, தூசியைக் கிளப்பி வீட்டுக்குள்ள அனுப்பிட்டு வருவீங்க. மக்கள் கையால பண்ணவே முடியாதுன்னு சொல்லல. நைஜீரியாவுல ஸம்ஃபாரா மாநிலத்துல வீட்டு முற்றத்துலயே தங்கத் தாதுவை உடைச்சு அரைச்சாங்க, அதுல ஈயம், 2010-ல விஷயம் வெளிய வந்துச்சு, 400-க்கும் மேல குழந்தைங்க செத்துப்போனாங்க. சிகிச்சை குடுத்த எம்எஸ்எஃப் (எல்லைகளற்ற மருத்துவர்கள்) அமைப்பு டாக்டருங்க வீட்டு மண்ணு சுத்தமாகாம வைத்தியம் பண்ணிப் பிரயோஜனமில்லன்னு தெளிவா சொல்லிட்டாங்க, திரும்பப் போய் அதே மண்ணுல விளையாடுற பிள்ளைக்கு மருந்து என்ன பண்ணும்? அந்த ஊர்க்காரங்களே பயிற்சி எடுத்து, நிபுணருங்க அளந்து காட்டுன இடத்துல மேல் மண்ணைச் சுரண்டி எடுத்து நல்ல மண்ணைப் போட்டாங்க. அதே மாநிலத்துல பகேகாங்கிற ஊருக்குப் பணம் வர்றதே இழுத்தடிச்சு 2013-லதான் வேலை நடந்துச்சு. ஆக உங்க ஆளு பலத்தைக் குடுங்க, அதுக்கு முன்னாடி அளவு, பயிற்சி, மாஸ்க், எடுத்த மண்ணைப் போட இடம் இந்த நாலும் வேணும்.

கேள்வி: எங்க ஏரியாவுல லாரி வந்து தோண்ட ஆரம்பிச்சாச்சு. நாங்க எதைக் கவனிக்கணும்?

பதில்: தோண்டுறப்ப தண்ணி தெளிக்கிறாங்களா, லாரிக்குத் தார்பாய் போடுறாங்களா, கிளம்புறதுக்கு முன்னாடி டயரைக் கழுவுறாங்களான்னு பாருங்க, தெருவுக்கு ரெண்டு பேர் முறை வச்சுப் பாத்து நோட்டுல எழுதுங்க. எடுத்த மண்ணு எங்க போகுதுன்னு கேளுங்க, இன்னொரு ஊர்க்காரங்க வீட்டுப் பக்கத்துல கொட்டுறதுக்குப் பேரு சுத்தம் இல்ல. பதிலுக்குக் கொட்டுற மண்ணையும் சோதிச்ச ரிசல்ட் கேளுங்க, இதை நிறைய பேர் மறந்துடுறாங்க. ஆழத்துல கெட்ட மண்ணை விட்டுட்டு மேல மட்டும் மாத்துறாங்கன்னா, நடுவுல ஆரஞ்சு கலர் வலை விரிக்கிறது வழக்கம், பின்னாடி யாராவது தோண்டுறப்ப வலை தட்டுப்பட்டா அதுக்குக் கீழ போகக்கூடாதுன்னு தெரியணும்ல. வலை போட்டாங்கன்னா மூடுறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து எந்த வீடு, எவ்வளவு ஆழம்னு குறிச்சு வைங்க, ஒரு காப்பி வீட்டுப் பத்திரத்தோட இருக்கட்டும், இன்னொரு காப்பி உள்ளாட்சி ஆபீஸ்ல, குழாய் பதிக்கத் தோண்ட வர்ற கான்ட்ராக்டர் கைக்குக் கிடைக்குற மாதிரி.