தேவகோட்டை ரோட்டுக்கு 23 மிமீ டயர் வேண்டாம்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குத் தினமும் வேலைக்குப் போக, உடல் எடையும் குறைக்க, குறைந்த விலை ரோடு பைக் சைக்கிளில் 23 மிமீ டயர் சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பஸ்ஸுக்கு ஒதுங்கிச் செம்மண்ணில் இறங்கினால் ஒல்லி டயர் வழுக்கும். 28 அல்லது 32 போடுங்கள், முதுகுக்கும் இதம். ஆனால் காலிப்பர் பிரேக் (சக்கர விளிம்பை இருபுறமும் கவ்வும் பிரேக்) வண்டிகள் பலவற்றில் 28-க்கு மேல் ஏறாது, கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

இங்கே பெரிய தொல்லை கருவேல முள்தான். எனக்கு ஒரே வாரத்தில் மூன்று பஞ்சர். டயருக்குள், முள் டியூபைக் குத்தாமல் தடுக்கும் லைனர் பட்டை போட்ட பிறகுதான் நிம்மதி. பஞ்சர் ஒட்டும்போது டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள், ஒடிந்த நுனி அங்கேயே குத்திக்கொண்டிருக்கும். அப்புறம், டியூபில் பிரெஸ்டா வால்வு (ரோடு பைக்குகளில் வரும் ஒல்லியான காற்று வால்வு) என்றால் ஊர்க் கடைப் பம்பு பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.