ராமசேரி இட்லி – கடிதம்

வணக்கம்.

பாலக்காட்டுத் தமிழர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு, பாலக்காட்டுப் பக்கம் இட்லிக்குப் பேர்போன ராமசேரி கிராமத்துக்குப் போயிருந்தோம். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் இட்லிக் கடை என்பதால் தொடங்கிய வருடம், பெரியவர் படம் என்று ஏதாவது சுவரில் இருக்கும் என நினைத்தேன். ஒன்றையும் காணோம். கேட்டால் “பாட்டி காலத்திலேருந்து” என்கிறார்கள். இட்லி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் மனைவி, “இட்லிதானே, இதுக்கா இவ்வளவு தூரம்?” என்றாள். இந்தப் பாரம்பரியம் நிஜமா, யூடியூப்காரர்கள் ஊதிவிட்டதா? நிஜமென்றால் மண்பானையை விட்டு எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாறி, கோவையில் ஒரு கிளை திறக்க ஏன் தோன்றவில்லை?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

உங்கள் மனைவி சொன்னது சரி. அது இட்லிதான். யூடியூப்காரர்கள் சொல்லும் ‘ரகசியப் பக்குவம்’ எல்லாம் எனக்கும் அலுத்துவிட்டது. அரிசி, உளுந்து, உப்பு. அதில் என்ன ரகசியம்?

வருடம் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. ஹோட்டலாகத் தொடங்கியிருந்தால் திறப்புவிழா, லைசென்ஸ் என்று ஏதாவது ஒரு தேதி இருந்திருக்கும். இவர்கள் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து போன முதலியார் நெசவாளர்கள். காஞ்சிபுரம் என்பார்கள், தஞ்சாவூர் என்பவர்களும் உண்டு. தறி கைகொடுக்காத காலத்தில் வீட்டுப் பெண்கள் இட்லி அவித்துக் கூடையில் வைத்துக் கொண்டுபோய் விற்றார்கள். கடை, பெஞ்சு, டீ எல்லாம் அப்புறம் வந்தவை. வெளியூர்க்காரர்கள் அதிகம் கேட்டு வருவது சரஸ்வதி டீ ஸ்டால். இவ்வளவு பெயரும் புகழும் வாங்கிய பிறகும் அது டீ ஸ்டாலாகவே இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கூடைக்கு யார் போர்டு மாட்டுவார்கள்?

அன்றைக்கு வாளையாறு மாநில எல்லையும் இல்லை. மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தோடு இருந்தது; பாலக்காடு அதற்குள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே போனவர்கள் அந்த மாகாணத்தை விட்டு வெளியே போகவில்லை. 1956 நவம்பர் 1-ல் கேரளம் உருவானபோதுதான் அது வேறு மாநிலம்.

நீங்கள் பார்த்திருக்க வேண்டிய இடம் அடுப்படி. மண்பானையில் தண்ணீர் கொதிக்கும். பானையின் வாயில் ஒரு மண் வளையம். அதன் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி வலை மாதிரி பின்னியிருப்பார்கள். வலைமேல் ஈரத்துணி, துணிமேல் மாவு. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு பானையைக் கவிழ்த்து மூடுவார்கள். அடியில் புளிய விறகு. குழியில்லாத வலை என்பதால்தான் இட்லி தட்டையாக, கனமான கல்தோசை போல வருகிறது. இந்த நூலும் துணியும் யாருடைய யோசனை என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆனால் நெசவாளி வீட்டில் கைக்கு எட்டும் தூரத்தில் வேறு என்ன இருந்திருக்கும்? என் ஊகம்தான், வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எவர்சில்வர். ஆவி உலோக மூடியில் பட்டால் தண்ணீராகி இட்லிமேல் சொட்டும். மண் கொஞ்சம் ஈரத்தைத் தான் இழுத்துக்கொள்ளும். பாத்திரம் மாறினால் பண்டமும் மாறிவிடும். மண்ணிலேயே செய்வதென்றாலும், அந்த வளையத்தை அளவு தவறாமல் சுட்டுத்தர ஒரு குயவர் வேண்டும். அவர் நிறுத்திவிட்டால் இட்லியும் நின்றுபோகும். இதை யாரும் வீடியோவில் சொல்வதில்லை.

கிளை திறப்பது அதைவிடச் சிரமம். சம்பளத்துக்கு ஆள் வைத்து, கேஸ் அடுப்பில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் அவித்தால் அது நல்ல கோவை இட்லியாக இருக்கும். கோவையில் அதற்குப் பஞ்சமா?

“அழிகிறதே” என்று அடுத்து நீங்கள் வருத்தப்படலாம். ஒரு காலத்தில் 60 குடும்பங்கள் செய்ததாகச் சொல்வார்கள். இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கு அந்த வருத்தம் பாதிதான். விடியுமுன் எழுந்து, புளிய விறகுப் புகையில் கண் எரிய நிற்பவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள். அவர்களின் மகள் படித்துவிட்டுக் கோவையில் வேலைக்குப் போனால் பாரம்பரியத்தைக் கைவிட்டாள் என்று சொல்ல நாம் யார், ஞாயிற்றுக்கிழமை காரில் போகிறவர்கள்? தறி பொய்த்தபோது பிடித்துக்கொண்ட பிழைப்புதான் இட்லியே. அதைவிட நல்ல பிழைப்பு வந்தால் மாறிக்கொள்வதும் அந்தக் குடும்பங்களின் வழக்கத்தில் சேர்ந்ததுதான். நடத்துகிறவர்கள் விருப்பப்பட்டு நடத்தினால் சந்தோஷம், அவ்வளவே.

அடுத்தமுறை கூட்டமில்லாத வார நாளில், காலையிலேயே போங்கள். அடுப்படியைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். சாம்பாரை மறந்துவிட்டு, பொடியில் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்துச் சாப்பிடுங்கள். ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தால், வாரக்கணக்கில் தாங்கும் என்ற பேச்சை நம்பாவிட்டாலும், மறுநாள் காலைக்குத் தாராளமாக ஆகும்.

பாலக்காட்டு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளைப் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு அடுத்த வாரம் எழுதுகிறேன்.