பாத்ரூமைப் புதுப்பிக்க நாமே இறங்கலாமா, காண்ட்ராக்டரிடம் விடலாமா?

கேள்வி: 22 வருட வீடு. மாடியில் 5-க்கு 7 அடி பாத்ரூம். டைல்ஸ் மாற்ற வேண்டும், இந்தியன் க்ளாசெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைக்க வேண்டும். கீழே ஹால் சீலிங்கில் லேசாக ஈரக்கறை தெரிகிறது. எனக்குக் கொஞ்சம் கைவேலை பழக்கம் உண்டு. நானே செய்துவிடலாமா?

பதில்: கறையும் இல்லை, க்ளாசெட்டும் மாறவில்லை என்றால் துணிந்து இறங்குங்கள் என்றே சொல்லலாம். உங்கள் நிலை அப்படி இல்லை.

மாடி பாத்ரூமில் இந்தியன் க்ளாசெட் பெரும்பாலும் சங்கன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். தளத்தை 9 அங்குலம் முதல் ஒரு அடி வரை இறக்கி, ட்ராப்பையும் (நாற்றம் ஏறாமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) கழிவுக் குழாய்களையும் வைத்து, மேலே செங்கல் ஜல்லி கொட்டி மூடியிருப்பார்கள். கசிந்த தண்ணீர் பல வருடமாக அந்த ஜல்லியில் ஊறி நிற்கும். அதை அள்ளாமல் மேலே புது டைல்ஸ் ஒட்டினால் காசுதான் போகும், கறை போகாது. அள்ளுவதும் சாதாரண வேலையில்லை. ஜல்லியும் உடைத்த டைல்ஸும் பழைய பூச்சும் சேர்ந்தால் இரண்டு டன்னைத் தாண்டும். மூட்டைக்கு 25 கிலோ என்று சாக்கில் கட்டினால் 80 மூட்டைக்கு மேல் படியிறங்க வேண்டும். இதில் இடுப்பைப் பணயம் வைக்காதீர்கள்.

ஸ்பேனரால் கழற்றி மாட்டக்கூடியது உங்கள் வேலை; டைல்ஸுக்குப் பின்னால் புதையப் போவது பழகிய ஆட்களின் வேலை. வால்வை மூடிவிட்டுப் பழைய தண்ணீர்க் குழாய் டேப், வாஷ்பேசின், கண்ணாடியைக் கழற்றுவது, கடைசியில் ஆங்கிள் காக், ஹெல்த் ஃபாசெட் மாட்டுவது எல்லாம் நீங்களே செய்யலாம். மரையின் வாய் உங்களைப் பார்த்திருக்க, டெஃப்லான் டேப்பைக் கடிகாரச் சுற்றில் சுற்றுங்கள். பலத்தையெல்லாம் காட்டி முறுக்க வேண்டாம்; சிபிவிசி எல்போ (பிளாஸ்டிக் குழாயின் முழங்கை இணைப்பு) சுவருக்குள்ளேயே விரிசல் விட்டால் புது டைல்ஸை உடைக்க வேண்டி வரும். கீஸருக்கு 16 ஆம்பியர் பாயிண்ட், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) மூன்றும் வேண்டும். அதை எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.

காண்ட்ராக்ட் இரண்டு விதம். மெட்டீரியலோடு விட்டால் அலைச்சல் மிச்சம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன குழாய், எத்தனை கோட் என்பது அவர் கையில். லேபர் மட்டும் விட்டுப் பொருளை நீங்கள் வாங்கித் தருவது மேல். ஒரு நிபந்தனை: பிளம்பிங், வாட்டர் ப்ரூஃபிங், டைல்ஸ் மூன்றும் ஒரே மேஸ்திரியின் பொறுப்பில் இருக்கட்டும். தனித்தனி ஆள் வைத்தால் நாளை கசியும்போது பிளம்பர் டைல்ஸ்காரரைக் கை காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார்.

டைல்ஸ் கணக்கு: தரை 35 சதுர அடி. சுவர் சுற்றளவு 24 அடி, 7 அடி உயரம், கதவு போக ஏறக்குறைய 150. பத்து சதவீதம் சேதாரம் சேர்த்தால் 12-க்கு 18 அங்குல சுவர் டைல்ஸ் 110, ஓரடித் தரை டைல்ஸ் 40. தரைக்கு மேட் ஃபினிஷ்தான், பளபளப்பானது வழுக்கும்.

க்ளாசெட்டை முதலில் வாங்கிவிடுங்கள். எஸ்-ட்ராப் வகையில், அதாவது கழிவு தரை வழியாக இறங்கும் வகையில், சுவரிலிருந்து ஓட்டையின் மையம் வரை 4, 9, 12 அங்குலம் என்று மாடல்கள் உண்டு. அந்த அளவு டைல்ஸ் ஒட்டி முடித்த சுவரிலிருந்து. பிளம்பர் வெறும் செங்கல் சுவரில் டேப்பை வைத்து 9 அளந்தால், பூச்சும் டைல்ஸும் ஒரு அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும். க்ளாசெட் சுவரில் இடித்து உட்காராது. அடிக்கடி நடக்கிற கூத்து இது.

எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுங்கள், இரண்டு சோதனைகளை மட்டும் விடாதீர்கள். பூசுவதற்கு முன் குடிநீர்க் குழாயில் கைப்பம்பு வைத்து 10 கிலோ அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் அழுத்த மீட்டரின் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். அப்போதே குழாய் போகும் சுவர்களை அளவு டேப்பை வைத்துப் போட்டோ எடுங்கள், பிறகு ட்ரில் போட உதவும். அடுத்தது தண்ணீர் கட்டுவது. பள்ளத்தில் குழாய் நுழையும் ஓட்டைகளைச் சுருங்காத க்ரௌட்டால் (அடைப்புக் கலவை) அடைத்த பிறகு, வாட்டர் ப்ரூஃபிங் குறைந்தது இரண்டு கோட், சுவரில் ஒரு அடி ஏற்றி, குளிக்கும் பக்கம் இன்னும் உயரமாக. காய்ந்ததும் கழிவு வாயை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தில் பென்சில் கோடு போட்டு 48 மணி நேரம் விடுங்கள். வெயிலில் ஓரிரு மில்லிமீட்டர் குறையலாம். கீழே சீலிங்கில் ஒரு பொட்டு ஈரம் கண்டாலும் டைல்ஸ் வேலை தொடங்கக் கூடாது. ‘ரெண்டு நாள் சும்மா நிக்கணுமா சார்’ என்பார்கள். நிற்கட்டும்.

தரையின் வாட்டம் (கழிவு வாயை நோக்கிய சரிவு) 7 அடிக்கு ஒரு அங்குலம். ஒட்டியதும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் தெரிந்துவிடும்.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். பத்து சதவீதத்தைப் பிடித்துவைத்து, ஒரு மாதம் புழங்கிய பிறகு தீர்த்துவிடலாம். முழு வேலைக்கும் இரண்டு வாரம் பிடிக்கும். மிஞ்சும் டைல்ஸில் ஆறேழைப் பரணில் போட்டு வையுங்கள், அதே ஷேடு மறுபடி கிடைக்காது.