பாதி விலை பிரேக் பேட்: முதலில் கழற்றுங்கள்

அம்பாசமுத்திரம் அண்ணாச்சி, இணையத்தில் பாதி விலைக்கு வாங்கிய பிரேக் பேட், காரையாறிலிருந்து பாபநாசம் இறங்கும்போது கருகிய வாடை அடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். போலியா என்ற ஆராய்ச்சி அப்புறம், வண்டியை எடுக்காதீர்கள். இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் ஏறும் சூட்டில் மட்டமான பேட் பிடிமானத்தை இழந்துவிடும். கீழ் கியரில் இறங்காமல் பிரேக்கையே நம்பினால் அசல் பேடும் கருகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கழற்றியதும் ஓரத்தை நகத்தால் சுரண்டுங்கள். பொடியாக உதிர்கிறதா? உராயும் பகுதி, அது ஒட்டியிருக்கும் இரும்புத் தகட்டை விட்டு விலகி விரிசல் தெரிகிறதா? இரண்டுமே கெட்ட அறிகுறி. பெட்டியில் பாக எண், தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி இருக்க வேண்டும். பெட்டியில் மினுங்கும் ஹாலோகிராம் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். திருநெல்வேலி அல்வா என்று பெயர் போட்டு ஊரெல்லாம் விற்பதில்லையா, அப்படித்தான். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் அதே எண்ணுள்ள அசலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்தின் அச்சே காட்டிக்கொடுத்துவிடும்.

பில், பெட்டி, பேட் எதையும் எறியாதீர்கள். விற்றவர் பணம் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால், 2019 நுகர்வோர் சட்டப்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.